முதன்மந்திரியின் அதிகாரமும் அதன் எல்லையும்: ராஜாஜியின் வாழ்வு காட்டும் பாடம்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழர் நால்வர் மாலை வேளையில் ஒன்று கூடினால், நாட்டு நடப்பைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. தாராவியின் சந்துகளிலும், மாதுங்காவின் கடைத்தெருவிலும், செம்பூர்க் காலனியின் மரத்தடியிலும் நாள்தோறும் காணும் காட்சி இது. பிறந்த மண்ணின் அரசியலையும் பிழைக்க வந்த மண்ணின் அரசியலையும் ஒருங்கே கவனித்து வரும் வழக்கம் நமக்கு உண்டு. அப்பேச்சுக்களிடையே அடிக்கடி தலையெடுக்கும் வினா ஒன்று: ஒரு மாநிலத்தின் முதன்மந்திரி நினைத்தால் எதையும் செய்துவிட முடியுமா? முடியும் என்று அடித்துக் கூறுவார் ஒருவர். அவர் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் தில்லியில் அல்லவா இருக்கிறது என்று மறுப்பார் இன்னொருவர். அருகில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் இருவரில் யார் சொல்வது சரி என்று அறியாமல் எழுந்து போய்விடுவர்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் இறைமாட்சி என ஓர் அதிகாரமும் அமைச்சு என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆள்பவன் ஒருவன், அவனுக்கு அறிவுரை கூறுபவன் மற்றொருவன். மக்களாட்சியிலோ இவ்விரு கடமைகளும் ஒருவர் தோளின் மீதே ஏறிவிட்டன. ஆணையிடுபவரும் அவரே, அந்த ஆணைக்காகச் சபையில் எழுந்து நின்று பதில் கூற வேண்டியவரும் அவரே. இந்த இரட்டைச் சுமையை இருமுறை தாங்கி, இருமுறையும் இடையிலேயே இறக்கி வைத்த தமிழர் ஒருவரின் வாழ்வை எடுத்துப் பார்த்தால், நம் பிள்ளைகளின் ஐயம் தெளிய வழி பிறக்கும். அவர்தாம் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்னும் ராஜாஜி.

தொரப்பள்ளியிலிருந்து சேலம் வரை

ராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. தந்தையார் அக்கிராமத்தின் முன்சீபாக இருந்தவர். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி பயின்று, சென்னையில் சட்டப் படிப்பை முடித்து, 1900-ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கூர்மையான வாதத்தால் விரைவிலேயே பெயரும் பொருளும் சேர்ந்தன. இளம் வயதிலேயே மனைவியை இழந்த அவர், மறுமணத்தை நாடாமல், தம் குழந்தைகளை வளர்ப்பதிலும் பொதுப்பணியிலும் காலத்தைச் செலுத்தினார்.

ஆளும் கலையில் அவர் பெற்ற முதற் பயிற்சி சேலம் நகரசபையில்தான். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, வரி வசூல் ஆகிய இவையே அங்கு அவர் கையாண்ட விஷயங்கள். பெரிய ராஜ்யத்தை ஆள்பவரும் முதலில் ஒரு தெருக்குழாயின் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாழ்வில் மெய்யாயிற்று.

1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து ராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற எண்ணம் அடிகளாருக்கு அங்கேதான் உதித்தது. அதன் பின்னர் ராஜாஜி வக்கீல் தொழிலைத் துறந்தார். சிறை சென்றார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதர்ப் பணியிலும் மதுவிலக்குப் பிரசாரத்திலும் ஈடுபட்டார். 1930-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்குத் தொண்டர் படையை நடத்திச் சென்று உப்பு எடுத்துச் சிறை புகுந்தார். அரசாங்கத்தின் ஆணையை மீறுவதில் பேர்பெற்ற அவர், ஏழே ஆண்டுகளில் ஆணையிடும் இடத்திற்கு வந்து அமர்ந்தார்.

நாற்காலியில் அமருமுன் கேட்ட கேள்வி

அந்த நாற்காலியின் வலிமை எவ்வளவு என்பதை அறிய, அதற்கு முந்திய நிலையைச் சிறிது நோக்க வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணத்தின் முதல் முதன்மந்திரியாகச் சுப்பராயலு ரெட்டியார் பொறுப்பேற்றார். ஆயினும் அது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், விவசாயம், ஸ்தல ஸ்தாபனம் முதலிய துறைகள் மந்திரிகளிடம் விடப்பட்டன. நிதி, போலீஸ், நிலவரி ஆகியவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையாரிடமும் இருந்தன. பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய பொறுப்பு ஒருவரிடம். அதற்குப் பணம் தரும் சாவி வேறொருவரிடம். பணப்பெட்டியின் சாவி இல்லாத தலைவனுக்கு வீட்டில் என்ன மதிப்போ, அதுவே அந்நாளைய மந்திரிகளுக்கு நாட்டில் இருந்த மதிப்பு.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மாகாணத் துறைகள் அனைத்தும் மந்திரிகளிடம் வந்தன. எனினும் கவர்னருக்குத் தனிப் பொறுப்புக்கள் எனச் சில விஷயங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் அவர் மந்திரிகளின் யோசனையைத் தள்ளிவிட்டுத் தம் விருப்பப்படி நடக்கலாம். உயர் பதவியிலிருந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளோ லண்டனின் பாதுகாப்பில் இருந்தனர். மந்திரிகளால் அவர்களை விலக்க இயலாது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் வென்றது. இவ்வளவு பெரும்பான்மை இருந்தும் ராஜாஜி உடனே பதவியேற்கவில்லை. கவர்னர் தம் தனி அதிகாரங்களை அன்றாட ஆட்சியில் பயன்படுத்தமாட்டார் என்ற உறுதி வேண்டும் என்று காங்கிரஸ் மகாசபை கேட்டது. உறுதி கிடைக்காமையால், ஏப்ரல் மாதத்தில் கூர்ம வெங்கடரெட்டி நாயுடுவின் தலைமையில் சட்டசபையில் பெரும்பான்மையற்ற இடைக்கால மந்திரிசபை ஒன்று அமைந்தது. ஜூன் மாதத்தில் வைஸ்ராய் லின்லித்கோ சமாதானமான விளக்கம் ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னரே, 1937 ஜூலை 14-ஆம் நாள், ராஜாஜி பதவியேற்றார். அக்காலத்தில் மாகாணத் தலைவருக்குப் பிரதம மந்திரி என்றே பெயர் வழங்கிற்று. முதன்மந்திரி என்ற பெயர் 1950-இல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது நிலைபெற்றது.

பதவியை ஏற்குமுன் அதன் எல்லையைக் கேட்டறிவது பேராசையன்று, பொறுப்புணர்ச்சியே. அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் ஏற்பவர், பிறர் செய்யும் பிழைக்குத் தாம் பழி சுமக்க நேரும்.

முதல் ஆட்சி: இருபத்தேழு மாதங்கள்

ராஜாஜியோடு சேர்த்துப் பத்துப் பேர் கொண்டது அம்மந்திரிசபை. ஆந்திரத்தின் பிரகாசம், கோபால ரெட்டி, கேரளத்தின் ராமன் மேனன், முஸ்லிம் தலைவர் யாகூப் ஹாசன், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி முனிசாமிப் பிள்ளை, பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி ஆகியோர் அதில் இருந்தனர். 1926 முதல் 1930 வரை முதன்மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனும் அதில் ஒரு மந்திரியாகப் பணியாற்ற இசைந்தார். நால்வகை மொழி பேசும் மாகாணத்தில் நால்வகை மக்களையும் ஓர் அவையில் அமர்த்துவது தலைவரின் முதற் கடமை. அவ்வதிகாரத்தை ராஜாஜி நன்கு பயன்படுத்தினார். மந்திரிகளின் மாதச் சம்பளம் 500 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. நிதித்துறையை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். சாவியின் அருமை அவருக்குத் தெரியும்.

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. கூலியாட்களின் வீடுகளில் மாலை நேரத்து அடிதடி குறைந்து அடுப்புப் புகைந்தது. ஆனால் அரசாங்கத்தின் வருமானத்தில் கலால் வரி பெரும் பங்காயிற்றே! அந்தப் பள்ளத்தை நிரப்ப, 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாப் பண்டங்களின் விற்பனைக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட வரி இந்தியாவில் அதுவே முதலாவது. வணிகர்கள் குமுறினர். ஆயினும் பிற மாகாணங்கள் ஒவ்வொன்றாக அவ்வழியைப் பின்பற்றின. 2017 ஜூலை முதல் நாடு முழுவதும் நாம் செலுத்தி வரும் ஜி.எஸ்.டி.யின் மூதாதையர் வரிசையில் அச்சட்டத்துக்கும் இடமுண்டு. ஒரு வருமானத்தை அறத்தின் பொருட்டு விட்டுவிடுபவர், அதற்கு ஈடான வருமானத்தைத் தேடி, அதனால் வரும் வசைக்கும் தலை கொடுக்க வேண்டும். இரண்டையும் செய்தவர் ராஜாஜி.

1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களின் மீது, 1937 அக்டோபர் முதல் நாள் வரை செலுத்தப்படாமல் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. வட்டிக்கு வட்டி ஏறி நிலத்தை இழக்கும் தறுவாயில் இருந்த குடியானவர்கள் பலர் மூச்சுவிட்டனர்.

அடுத்தது ஆலயப் பிரவேசம். 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிலரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் மந்திரியாக விளங்கிய கக்கன் அவர்களும் அன்று உடன் சென்றவரே. பழைய சட்டத்தின்படி, அழைத்துச் சென்றவர்களின் மீதும் கோயில் அதிகாரிகளின் மீதும் வழக்குத் தொடர இடமிருந்தது. சட்டசபை கூடிச் சட்டம் செய்யும் வரை காத்திருந்தால், அந்த நல்லவர்கள் கோர்ட்டுப் படி ஏற நேரும். ஆகவே சில நாட்களிலேயே கவர்னரைக் கொண்டு அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தார் ராஜாஜி; பின்னர் சபையில் முறையான சட்டமும் நிறைவேறியது. அவசரச் சட்டம் என்பது கூரிய கத்தி. யாரைக் காக்க அது உறையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே அதன் நன்மை தீமை அமையும். அன்று அது எளியவரைக் காக்கவே எடுக்கப்பட்டது.

இடறிய இடம்

இத்தனை நற்பணிகளுக்கிடையே, இன்றளவும் தமிழர் நெஞ்சில் வடுவாக நிற்கும் செயல் ஒன்றும் அந்த ஆட்சியில் நிகழ்ந்தது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கும் ஆணை வெளியாயிற்று. தமிழறிஞர்களும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். மறியல்கள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறை சென்றனர். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். வெள்ளையர் ஆட்சியில் காங்கிரஸ் தொண்டர்களை அடக்குவதற்கென ஏற்பட்ட சட்டமே, இப்போது காங்கிரஸ் மந்திரிசபையால் தமிழ்த் தொண்டர்களின் மீது வீசப்பட்டது. அச்சட்டத்தின் கொடுமையைத் தாமே அனுபவித்தறிந்த தலைவர் அதனைக் கையில் எடுத்தார் என்பது வருந்தத்தக்கது. 1940 பிப்ரவரியில், ராஜாஜி பதவி விலகிய பின்னர், கவர்னர் எர்ஸ்கின் அவ்வாணையை நீக்கினார்.

சட்டசபையில் ராஜாஜிக்கு இருந்த பெரும்பான்மை அசைக்க முடியாதது. ஆணையிடும் உரிமையும் அவருக்குச் சட்டப்படி இருந்தது. இருந்தும், வீட்டுக்கு வீடு தாய்மொழி பேசும் மக்களின் உள்ளத்தை அவர் கேட்டறியவில்லை. சபையின் கைகளை எண்ணிவிடலாம். சபைக்கு வெளியே உள்ள மனங்களை அவ்வாறு எண்ணிவிட முடியாது. இதனை அவர் அன்று உணர்ந்தாரோ இல்லையோ, காலம் அவரை வேறு திசைக்கு இட்டுச் சென்றது. 1965-இல் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாகும் நிலை வந்தபோது, அதனை முன்னின்று எதிர்த்தவர்களுள் முதியவரான ராஜாஜியும் ஒருவர்.

1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கலந்து கொள்ளாமலே இந்தியாவைப் போரில் சேர்த்துவிட்டார் வைஸ்ராய். காங்கிரஸ் மகாசபையின் கட்டளைப்படி, அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. இங்கே பம்பாயில் பி. ஜி. கேர் தலைமையிலிருந்த மந்திரிசபையும் அவ்வாறே விலகியது. சபையின் நம்பிக்கை குன்றாமல் இருந்த தலைவர்கள், கட்சியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நாற்காலியை விட்டு எழுந்தனர். அதிகாரத்துக்குக் கட்சியும் ஓர் எல்லை என்பது அன்று தெளிவாயிற்று.

உச்சியில் நின்றவர்

இடைப்பட்ட காலத்தில் ராஜாஜியின் வாழ்வு மேடும் பள்ளமுமாகவே சென்றது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நம் மும்பையின் கோவாலியா குளத்து மைதானத்தில் நிறைவேறியபோது, அதனை ஏற்காமல் அவர் தனித்து நின்றார். பாகிஸ்தான் கோரிக்கைக்கு வழி காண அவர் வகுத்த திட்டத்தை அடிப்படையாகக் கொண்டே, 1944 செப்டம்பரில் மலபார் ஹில்லில் உள்ள ஜின்னாவின் மாளிகையில் காந்தியடிகள் பல நாட்கள் பேச்சு நடத்தினார். அப்பேச்சு பலிக்கவில்லை. தனித்து நின்றவரை நாடு ஒதுக்கிவிடவும் இல்லை. 1947-இல் மேற்கு வங்கத்தின் கவர்னர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். சர்தார் படேலின் மறைவுக்குப் பின் மத்திய உள்துறை மந்திரி என உயர்ந்தார்.

கவர்னர் ஜெனரல் பதவி மாட்சிமை மிக்கது. ஆனால் ஆளும் பொறுப்பு நேருவின் மந்திரிசபையிடமே இருந்தது. மாட்சிமை ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில் என்னும் இந்த நுட்பத்தை, நாற்காலியின் இரு புறமும் அமர்ந்து பார்த்தவர் ராஜாஜி. ஒரு காலத்தில் கவர்னரின் தலையீட்டை அஞ்சிய மாகாணத் தலைவர், பின்பு தாமே கவர்னராக இருந்து மந்திரிகளுக்கு வழிவிட்டார்.

இரண்டாம் ஆட்சி

1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத் தேர்தலில், சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதன்மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா தம் தொகுதியிலேயே தோற்றார். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் ஒன்று சேர்ந்து, ஆட்சியமைக்க உரிமை கோரின. அந்நிலையில் எழுபத்து மூன்று வயது முதியவரான ராஜாஜியைக் காங்கிரஸார் தலைவராக அழைத்தனர். அவரோ தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்குமாறு அழைத்தார். ஏப்ரல் 10-ஆம் நாள் ராஜாஜி பதவியேற்றார். மக்களிடம் வாக்குக் கேளாதவர் மக்களை ஆளலாமா என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டம் ராஜாஜியின் பக்கம் நின்றது. கேள்வி மட்டும் இன்றும் நிற்கிறது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. 2019 நவம்பரில் மகாராஷ்டிர முதன்மந்திரியான உத்தவ் தாக்கரே அப்போது எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை. ஆறு மாதங்களுக்குள் ஒரு சபையில் இடம் பெற வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. கொரோனா நோயினால் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டன. அவரை மேல்சபைக்கு நியமிக்குமாறு மந்திரிசபை கேட்டுக்கொண்டும் கவர்னர் நியமிக்கவில்லை. பின்னர் தேர்தல் நடத்த வழி பிறந்து, 2020 மே மாதத்தில் அவர் போட்டியின்றி மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னையில் 1952-இல் ஒரு கவர்னர் செய்ததை, மும்பையில் 2020-இல் மற்றொரு கவர்னர் செய்யவில்லை. முதன்மந்திரியின் நாற்காலி எத்தனை கால்களின் மேல் நிற்கிறது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

பதவியேற்ற இரண்டே மாதங்களில் ராஜாஜி துணிகரமான செயல் ஒன்றைச் செய்தார். போர்க்காலம் முதல் மக்களை வாட்டி வந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் நீக்கினார். ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற பெண்மணிகள் அவரை வாழ்த்தினர். அரிசி மறைந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்த்தது. அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தால், நிலமற்ற உழவர்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் ஓரளவு அரண் கிட்டியது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சென்னை மாநகரம் நம்முடன் நிற்பதற்காக வாதாடியவர்களுள் ராஜாஜி முன்னணியில் நின்றார்.

அதே 1953-ஆம் ஆண்டில்தான் ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. நாட்டுப்புறங்களில் பள்ளிக்கூடம் காணாத குழந்தைகள் ஏராளம். கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகப் பள்ளி நேரத்தைக் குறைத்து, ஒரே கட்டடத்தில் இரண்டு வேளைகளில் இரண்டு கூட்டம் பிள்ளைகளைப் படிக்க வைப்பது; மீதி நேரத்தில் அவர்கள் வீட்டிலோ ஊரிலோ தொழில் பழகுவது. இதுவே திட்டம். கணக்குப் பார்க்கும்போது இதில் சிக்கனம் இருந்தது. ஆனால் தந்தையின் தொழிலைப் பிள்ளை பழகுவது என்றால், துணி வெளுப்பவரின் மகன் துணி வெளுக்கவும், செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவும் என்றென்றும் விதிக்கப்பட்டதாகாதா? குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டினர் எதிர்ப்பவர்கள். அப்பெயரே நிலைத்தது.

தாராவியில் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுகின்றனர். தம் தொழிலின் சுமை தம் பிள்ளையின் தலையில் ஏறக்கூடாது என்று எண்ணி ரயில் ஏறியவர்களே நம் முன்னோருள் பலர். ஆகவே அந்த எதிர்ப்பின் ஆழத்தை நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

திட்டத்தின் குணங்குறைகளை விட, அது வந்த விதமே ராஜாஜிக்குப் பெருந்தீங்காயிற்று. சட்டசபையிலோ கட்சியிலோ முன்கூட்டி விவாதியாமல், ஆணையின் மூலமே அது அமலாயிற்று. 1953 ஜூலையில் சட்டசபையில் திட்டத்தை நிறுத்தக் கோரும் தீர்மானம் வாக்குக்கு வந்தபோது இரு பக்கமும் 138 வாக்குகளாகச் சமமாயின. சபாநாயகரின் வாக்கினால்தான் அரசாங்கம் தப்பியது. திட்டத்தை நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானமோ நிறைவேறிவிட்டது. அவ்வெச்சரிக்கைக்குப் பின்னும் அவர் தம் திட்டத்தை விடவில்லை. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1954-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், உடல்நிலையைக் காரணமாகக் கூறி, ராஜாஜி விலகினார். ஏப்ரல் 13-ஆம் நாள் காமராஜர் முதன்மந்திரியானார். சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் செய்த முதற் காரியம் கவனத்துக்குரியது. தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடங்களைப் பெருக்கினார், பசித்த குழந்தைகளுக்கு மதிய உணவளித்தார். ராஜாஜி பணம் இல்லை என்று நேரத்தைக் குறைத்தார். காமராஜர் ஊராரிடம் கேட்டுப் பணத்தைப் பெருக்கினார். இருவர் கையிலும் இருந்தது ஒரே பதவி, ஒரே சட்டம். வேறுபட்டது பிறரைக் கேட்டு நடக்கும் இயல்பு.

அந்தி

பதவி போனபின் ராஜாஜி ஓய்ந்து விடவில்லை. 1954-இல் பாரத ரத்னா விருது முதன்முதல் வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்ற மூவருள் ஒருவரானார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய மகாபாரதத்தைக் கொண்டே நம் மும்பையின் பாரதிய வித்யா பவன் தன் நூல் வரிசையைத் தொடங்கியது. மாதுங்காவின் வீடுகள் பலவற்றில் அப்புத்தகத்தைக் காணலாம். 1958-இல் அவருடைய இராமாயண நூலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. 1959-இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அக்கட்சியின் தொடக்க மாநாடு அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாயில் கூடியது. அரசாங்கத்தின் கை எல்லாவற்றிலும் நுழைந்து பெர்மிட்டுக்கும் லைசென்ஸுக்கும் மக்களை அலைய வைக்கக் கூடாது என்பதே அக்கட்சியின் கொள்கை. ஆட்சியின் அதிகாரத்தை இருமுறை கையாண்டவர், அந்த அதிகாரம் வரம்பு மீறாமல் இருக்க வேண்டும் என்று வாதாடுவதில் தம் அந்திக் காலத்தைக் கழித்தார். 1972 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

நாம் கற்க வேண்டியது

இனி, நம் மரத்தடி வினாவுக்கு வருவோம். முதன்மந்திரியைக் கவர்னர் நியமிக்கிறார். மற்ற மந்திரிகளை முதன்மந்திரியின் யோசனைப்படி நியமிக்கிறார். துறைகளைப் பங்கிடுவதும், மந்திரிசபையைக் கூட்டுவதும், வேண்டாதவரை விலக்கச் சொல்வதும் முதன்மந்திரியின் உரிமை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மந்திரிகளின் எண்ணிக்கை சட்டசபை உறுப்பினர் தொகையில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக்கூடாது. மந்திரிசபை முழுவதும் கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்புடையது. இவை ஏட்டில் உள்ளவை. ஏட்டில் இல்லாத எல்லைகள் இரண்டு: தம் கட்சியினரின் மனம், தம் மக்களின் மனம். 1939-இல் ராஜாஜி கட்சியின் கட்டளையால் எழுந்தார். 1954-இல் கட்சியும் மக்களும் சேர்ந்து எழுப்பினர். இரு முறையும் எந்தக் கவர்னரும் அவரை விலக்கவில்லை. எந்தக் கோர்ட்டும் விலக்கவில்லை.

மதுவிலக்கு, கடன் நிவாரணம், ஆலயப் பிரவேசம், உணவுக் கட்டுப்பாட்டு நீக்கம் ஆகியவற்றில் அவருடைய துணிவு வென்றது. ஏனெனில் அங்கெல்லாம் எளியவரின் விருப்பம் அவருக்கு முன்னே நடந்தது. இந்தியிலும் கல்வித் திட்டத்திலும் அதே துணிவு தோற்றது. அங்கே அவர் தனியே முன்னே நடந்தார். திரும்பிப் பார்த்தபோது பின்னே ஒருவரும் இல்லை. அறிவு, நேர்மை, எளிமை ஆகிய மூன்றிலும் அவருக்கு நிகரானோர் சிலரே. அத்தகையவருக்கே இந்நிலை நேருமானால், மற்றவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நம் காலனிகளிலும் சங்கங்களிலும் ஆண்டுதோறும் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறோம். தண்ணீர்த் தொட்டி கட்டுவதாயினும், விழா நடத்துவதாயினும், எனக்குத் தெரியும் என்று ஒருவர் தாமே முடிவு செய்த காரியம், நல்ல காரியமேயாயினும், பாதியில் நின்று போவதை நாம் கண்டிருக்கிறோம். பத்துப் பேரைக் கேட்டுச் செய்த காரியம் சற்றுத் தாமதமாயினும் நின்று பயன் தருவதையும் கண்டிருக்கிறோம். கோட்டையில் அமர்பவருக்கும் குடியிருப்பில் அமர்பவருக்கும் விதி ஒன்றே.

ஆகவே அடுத்த முறை நம் பிள்ளைகள் கேட்கும்போது நாம் இவ்வாறு கூறலாம்: முதன்மந்திரி பலவற்றைச் செய்ய முடியும், பிறரைக் கேட்டுச் செய்தால் அது நிலைக்கும், கேளாமல் செய்தால் அவர் எத்துணைப் பெரியவராயினும், செய்ததும் நிலைக்காது, அவரும் நிலைக்க மாட்டார். தொரப்பள்ளியில் பிறந்து நாட்டின் உச்சிப் பதவி வரை ஏறி இறங்கிய ஒரு தமிழரின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற செய்தி இதுவேயாகும்.